கேக்குதா... கேக்குதா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குள்ளே டவர் கிடைக்காது என்பதால் அம்மா திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூரில் அப்போது மணி பத்தரை. தொழிலாளர் விடுதியில் ஓர் அறை, பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் மகன், காதில் போன். இவர்களுக்குப் பெயர் தேவையில்லை. இப்படி ஓர் அம்மாவும் மகனும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

"ஹலோ, தம்பி, கேக்குதா?"

"கேக்குதும்மா. நான் பேசுறது கேக்குதா?"

"நல்லா கேக்குது சாமி."

(நல்லா கேட்கவில்லை. அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.)

அப்பாவைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகிறது. டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாள் இருக்க வேண்டும், யார் கூட இருக்கிறார்கள் என்று பேச்சு ஓடுகிறது. நடுநடுவே மூன்று தடவை மகன் "கேக்கலம்மா, திரும்பச் சொல்லு" என்கிறான். மூன்று தடவையும் அம்மா திரும்பச் சொல்கிறார். கடைசியாக மகன் கேட்கிறான்: "நான் லீவு போட்டு வரட்டுமா?"

"நீ வர வேண...ம் தம்பி. சரி, வச்சிடவா? உனக்குக் காசு ஆகும்."

காசு ஆகாது. எஸ்டிடி பூத் காலத்துப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. நான்காம் தடவை "கேக்கல" என்று சொல்ல மகனுக்குக் கூச்சமாக இருக்கிறது. சரிம்மா என்கிறான். இணைப்பு முடிகிறது. பேச்சின் தரம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் என்று திரை கேட்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுகிறான்.

வேணாமா, வேணுமா?

எங்கோ ஒரு சர்வரில் அந்த அழைப்புக்கு ஒரு மதிப்பெண் பதிவாகிறது. 5 நிமிடம். 5க்கு 4.2. தரம்: நன்று.

இப்படிப்பட்ட ஒரு 4.2 எங்கிருந்து வருகிறது, அதை யார் போடுகிறார்கள், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் குரல் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். பழைய தொலைபேசியில் பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு பாதை ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாவிட்டாலும் பேச்சு முடியும்வரை அது அவர்களுக்குத்தான். இணையத்தில் அப்படி யாருக்கும் தனி ரோடு கிடையாது. எளிமைக்காக ஜி.711 என்ற பழைய முறையின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு பைட்டில் எழுதுவார்கள். 20 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அதை மடித்துப் பாக்கெட்டாக்கி அனுப்புவார்கள். ஆக, ஒரு பாக்கெட்டில் 160 பைட் குரல், விநாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரிசை எண், ஒரு நேரக்குறி. இதற்கான விதிமுறைதான் ஆர்டிபி. முதலில் 1996இல் வெளிவந்து, 2003இல் திருத்தப்பட்டது. (கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பரில் இது இரண்டு மார்க் கேள்வி. இரண்டு மார்க்குக்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டவர்கள்தான் அதிகம்.)

இந்தப் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் போகும். சில வழியில் தொலையும். சில முந்தும், சில பிந்தும். ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பச் சொல்லக் கூடாதா? கோப்பு இறக்கும்போது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பேச்சில் அது ஆகாது. திரும்பக் கேட்டு, அது வந்து சேர்வதற்குள் வாக்கியம் முடிந்திருக்கும். பந்தி எழுந்த பிறகு வந்த சாம்பார் மாதிரி, வந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் தொலைந்தது தொலைந்ததுதான்.

முந்திப் பிந்தி வருவதைச் சமாளிக்க, கேட்கிற பக்கத்தில் ஒரு சின்னக் காத்திருப்பு அறை உண்டு. ஜிட்டர் பஃபர் என்று பெயர். வருகிற பாக்கெட்டுகளைச் சில பத்து மில்லிவிநாடி நிறுத்தி வைத்து, வரிசைப்படுத்தி, சீராக வெளியே விடும். அறை சிறியதாக இருந்தால் தாமதமாக வருகிற பாக்கெட்டுக்கு இடமில்லை, குப்பைக்குப் போய்விடும். பெரியதாக இருந்தால் எல்லாம் இடம்பெறும், ஆனால் பேச்சே தாமதமாகிவிடும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு நஷ்டம்.

தாமதம் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐ.டி.யு. எனப்படும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையின்படி, ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 400ஐத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று பாதிப் பொழுது போய்விடும்.

தூரம்தான் காரணம் என்று தோன்றும். இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் அந்தக் கடலைத் தாண்ட 16 மில்லிவிநாடி போதும். வங்காள விரிகுடாவை அத்தனை சுலபமாகக் கடந்து வந்த குரல், விடுதி அறையின் வைஃபையில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஞாயிறு ராத்திரி, அறைக்கு அறை படம் ஓடுகிறது, வீடியோ கால் ஓடுகிறது. எல்லாம் ஒரே காற்றில். ஒருவர் அனுப்பும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். கடைசி முப்பது அடியில்தான் சனியன்.

சரி, இதையெல்லாம் கண்காணிப்பது எப்படி?

உலகத்தின் முதல் கண்காணிப்புக் கருவி திண்ணையில் இருக்கிற அந்த அம்மாவிடமே இருக்கிறது. "கேக்குதா?" என்ற கேள்வி. பேசுகிறவருக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தானாகத் தெரியாது, கேட்கிறவர் சொன்னால்தான் தெரியும். இந்த ஒரு உண்மையை அப்படியே எடுத்து இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் ஆர்டிசிபி. ஆர்டிபியோடு கூடப் பிறந்த தங்கச்சி. குரல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கேட்கிற பக்கத்துக் கருவி சில விநாடிக்கு ஒரு தடவை (5 விநாடி என்பது வழக்கமான கீழ் எல்லை) ஒரு சின்ன அறிக்கை அனுப்பும். போன அறிக்கைக்குப் பிறகு எத்தனை பங்கு தொலைந்தது, இதுவரை மொத்தம் எத்தனை தொலைந்தது, கடைசியாக வந்த வரிசை எண் என்ன, ஜிட்டர் எவ்வளவு. கூடவே ஒரு நேரக் கணக்கு: "நீ அனுப்பிய நேரக்குறி இது, என் கையில் இவ்வளவு நேரம் இருந்தது." கடிதம் வந்த தேதியையும் பதில் எழுதாமல் வைத்திருந்த நாளையும் சேர்த்து எழுதுவது மாதிரி. அனுப்பியவர் கழித்துப் பார்த்தால் போய்வர ஆகும் நேரம் தெரிந்துவிடும்.

இந்த அறிக்கைகளே வழியை அடைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? மொத்த அளவில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பழைய தமிழ்க் கணக்கில் சொன்னால் ஒரு மா, இருபதில் ஒன்று. ஜிட்டர் கணக்கிலும் ஒரு பின்னம் வரும். புதிதாக வருகிற வித்தியாசத்தைப் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே சேர்ப்பார்கள். அது மாகாணி. ஒரு பாக்கெட் தடுக்கி விழுந்ததற்காக எண் துள்ளிக் குதிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தாத்தா காலத்து வாய்ப்பாட்டில் இருந்த பின்னங்கள் இரண்டும் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

ஆர்டிபியை எழுதிய நால்வரில் ஒருவர் ஸ்டீபன் காஸ்னர். இணையம் என்ற பெயரே பரவாத 1970களில், அர்பாநெட் வழியாகக் குரல் அனுப்பிப் பார்த்த கலிஃபோர்னியா குழுவில் டேனி கோஹனோடு இருந்தவர். பாக்கெட்டில் குரல் போன அந்தச் சோதனைகள் தொடங்கியது 1974இல். அன்று சோதனைக்கூடத்தில் இருந்தவர்களுக்குப் பேசுவதும் வேலை, தரம் பார்ப்பதும் வேலை. 1995இல் வோக்கல்டெக் இன்டர்நெட் போன் வந்தது. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருக்கும் அண்ணனோடு கத்திப் பேசியவர்கள் இன்றும் இருப்பார்கள். 2003இல் ஸ்கைப் வந்தது, 2025 மே மாதம் மூடப்பட்டது. வந்தவை போயின. "கேக்குதா" மட்டும் போகவில்லை.

இப்போது மதிப்பெண். எம்.ஓ.எஸ். என்று பெயர், தமிழில் சொன்னால் சராசரிக் கருத்து மதிப்பெண். இது உண்மையில் இயந்திரச் சமாச்சாரமே இல்லை. அமைதியான அறையில் ஆட்களை உட்கார வைத்து, பதிவு செய்த வாக்கியங்களைப் போட்டுக் காட்டி, 5 மிக நன்று, 4 நன்று, 3 சுமார், 2 மோசம், 1 படு மோசம் என்று சொல்லச் சொல்வார்கள். எல்லோரும் சொன்னதைக் கூட்டி வகுத்தால் அதுதான் மதிப்பெண். 1996இல் வந்த பி.800 பரிந்துரையில் இதற்கான விதிகள் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஹார்வர்டு வாக்கியங்கள் என்ற தொகுப்பு பிரபலம். பட்டியலுக்குப் பத்தாக 72 பட்டியல், மொத்தம் 720 வாக்கியம்.

ஆனால் கோடிக்கணக்கான அழைப்புகளுக்கு எங்கே போய் ஆள் பிடிப்பது? இரண்டு வழி கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, காதுக்குப் பதில் ஒரு கணக்கு. பெஸ்க் எனப்படும் முறை 2001இல் பி.862 என்ற பெயரில் வந்தது. அனுப்பிய குரல், வந்து சேர்ந்த குரல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனிதக் காதுக்கு எது உறுத்தும் என்று பார்த்து மதிப்பெண் போடும். 2011இல் அதற்கு அடுத்த தலைமுறையாக போல்கா வந்தது. இவை நல்ல கருவிகள்தான். ஆனால் ஒரு நிபந்தனை, அசல் குரல் கையில் இருக்க வேண்டும். அதனால் சோதனை அழைப்புகளுக்குத்தான் ஒத்துவரும். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி, தெரிந்த வாக்கியம் ஒன்றைத் தாங்களே அனுப்பித் தாங்களே வாங்கிப் பார்க்கும். அம்மா திண்ணையில் என்ன சொல்லப்போகிறார் என்பதற்கு அசல் பிரதி யாரிடமும் இல்லையே. இன்னொரு குறையும் உண்டு. பெஸ்க் கேட்பதை மட்டும்தான் அளக்கும், உரையாடலை அளக்காது. குரல் இரண்டு விநாடி தாமதமாக, ஆனால் சுத்தமாக வந்தால் அதற்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டாவது வழி, இ-மாடல். ஐ.டி.யு.வின் ஜி.107. குரலைத் தொடவே வேண்டாம். தொலைந்தது எவ்வளவு, தாமதம் எவ்வளவு, எந்தக் கோடெக் என்று கேட்டுக்கொண்டு கணக்குப் போடும். ஆர் என்ற எண்ணில் 93.2இலிருந்து தொடங்கும். தாமதத்துக்கு இவ்வளவு, இழப்புக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரும். மிச்சம் இருப்பதை ஒரு சூத்திரத்தில் போட்டால் எம்.ஓ.எஸ். வந்துவிடும். 93.2 என்றால் 4.4. 80 என்றால் 4.0. 70 என்றால் 3.6, சிலர் முகம் சுளிப்பார்கள். 50 என்றால் 2.6, ஏறக்குறைய எல்லோருமே சலித்துக்கொள்வார்கள். நடந்துகொண்டிருக்கிற நிஜ அழைப்புகளுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான்.

இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. "என் அழைப்பைக் கண்காணிக்கிறார்கள்" என்றதும் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. தரம் பார்க்க ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. 2004இல் வந்த எஸ்ஆர்டிபி முறையில் குரலை ரகசியக் குறியாக்கிவிடுவார்கள், ஆனால் தலையிலிருக்கும் வரிசை எண்ணும் நேரக்குறியும் திறந்தே இருக்கும். கடிதத்தைப் பிரிக்காமல் உறைகளை மட்டும் எண்ணி "நாற்பத்தேழாவது வரவில்லையே" என்று சொல்கிற தபால்காரர் மாதிரி. ஆனால் யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பது உறையிலேயே தெரியும். அதுவும் ஒரு ரகசியம்தான் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது அந்த 4.2க்குத் திரும்பலாம்.

முதல் கேள்வி, எங்கே நின்று அளந்தார்கள்? பெரிய நெட்வொர்க்குகளில் கண்காணிப்புப் பெட்டி நடுவழியில் இருக்கும். அங்கே நின்று எண்ணினால் அம்மாவின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருக்கும். வைஃபையில் மாட்டியது அதற்கப்புறம்தானே? நடுவில் 4.4, காதில் அதைவிடக் கீழே. சுங்கச்சாவடியில் நின்று வண்டிகளை எண்ணிவிட்டு எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் முனையிலிருக்கும் போனே அறிக்கை அனுப்புவது முக்கியம். 2003இல் வந்த ஆர்டிசிபி எக்ஸ்ஆர் என்ற விரிவாக்கம், வழியில் தொலைந்ததையும், வந்து சேர்ந்தும் தாமதத்தால் தூக்கிப் போட்டதையும் தனித்தனியாகவே எண்ணும். நடுவழிப் பெட்டிக்கு இரண்டாவது தெரியவே தெரியாது.

இன்னொன்று, ஓர் அழைப்பில் இரண்டு ஓட்டம் உண்டு. அம்மாவிடமிருந்து மகனுக்கு ஒன்று, மகனிடமிருந்து அம்மாவுக்கு ஒன்று. ஒன்று நன்றாக இருந்து மற்றது கெட்டிருக்கலாம். அழைப்புக்கு ஒரே மதிப்பெண் என்று போட்டால் யாருடைய காது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சராசரி. 5 நிமிடம் என்றால் 300 விநாடி, ஒரு திசையில் 15,000 பாக்கெட். நூற்றுக்கு ஒன்று தவறியது என்று வைத்துக்கொண்டால் 150 பாக்கெட். அதாவது மொத்தம் 3 விநாடி. இந்த 150ம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறினால் மகனுக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு பாக்கெட் போனால் அதற்கு முன்னால் கேட்ட ஒலியையே கொஞ்சம் இழுத்து ஒட்டுப்போட்டுவிடும் ஏற்பாடு உண்டு. 20 மில்லிவிநாடி ஒட்டு காதுக்குத் தெரியாது. ஆனால் பாக்கெட்டுகள் தனியாகத் தொலைவதில்லை, கூட்டமாகத்தான் தொலையும். எக்ஸ்ஆர் அறிக்கை இதையும் பார்க்கிறது. இரண்டு இழப்புக்கு நடுவே தொடர்ந்து 16 பாக்கெட்டாவது ஒழுங்காக வரவில்லை என்றால் அதை ஒரே கொத்தாக எண்ணும். கொத்து எத்தனை நேரம் நீடித்தது, அதற்குள் எவ்வளவு தொலைந்தது, இரண்டு கொத்துக்கு நடுவே எவ்வளவு நேரம் அமைதி என்று தனித்தனியாகச் சொல்லும். மழைக் கணக்கு மாதிரி. வருஷம் முழுக்க இத்தனை சென்டிமீட்டர் என்றால் ஒன்றும் புரியாது. ஒரே ராத்திரியில் கொட்டியதா, நாலு மாதம் தூறியதா என்று தெரிய வேண்டும். அறிக்கையில் இவ்வளவும் வருகிறது. ஆனால் பலகையில் பச்சை விளக்கு எரிய வைப்பது பெரும்பாலும் சராசரிதான்.

மூன்றாவது கேள்விதான் சங்கடமானது. "வேணாம்", "வேணும்" இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் என்ன? ஒரு உயிரொலி. அவ்வளவுதான். ஒன்றில் நெடில், மற்றதில் குறில். அந்த நெடிலை இழுத்துச் சொன்னால் 200 மில்லிவிநாடி இருக்குமா? பத்துப் பாக்கெட். 15,000இல் பத்து. ஒரு சதவீதத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான், சுமார் 0.07 சதவீதம். பத்தும் கொத்தாகப் போனால், ஒட்டுப்போடும் ஏற்பாடு முதல் சில பாக்கெட்டுக்கு முந்திய ஒலியை இழுத்துப் பார்க்கும், பிறகு மெல்லத் தேய்த்து அடக்கிவிடும். "வேண..." பிறகு ஒன்றுமில்லை. பிறகு "ம்".

தரம் வேறு, அர்த்தம் வேறு. இதை அறிஞர்கள் அறியாதவர்கள் இல்லை. ஒரு மெய்யொலி மட்டும் மாறுகிற ஆறாறு சொற்களைக் கொண்ட 50 பட்டியல் வைத்து, கேட்டவர் எந்தச் சொல் என்று சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கும் ரைம் டெஸ்ட் 1960களிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது சோதனைக்கூடத்தில். ஓடுகிற அழைப்பில் எந்த விநாடி முக்கியமான விநாடி என்று எந்தப் பெட்டிக்கும் தெரியாது. "அப்புறம், மழை பெஞ்சுதா?" என்ற விநாடியும், "வர வேணாம்" என்ற விநாடியும் அதற்கு ஐம்பது ஐம்பது பாக்கெட்தான்.

அதற்காக இந்தக் கண்காணிப்பே வீண் என்று ஆகாது. விடுதியின் வைஃபை ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல் திணறுகிறது என்பதை யாரும் புகார் சொல்லாமலே காட்டிக்கொடுப்பது இந்த எண்கள்தான். நாலு வாரம் ஞாயிறுகளின் கொத்துக் கணக்கை அடுக்கிப் பார்த்தால் போதும். குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது, இன்னொரு வைஃபை பெட்டி மாட்டுவது எல்லாம் அதற்கப்புறம் நடக்கிற காரியம். புகார் சொல்கிறவர்களை மட்டும் நம்பினால் நடக்காது. ஏனென்றால் மேல்தட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறவன் புகார் எழுதமாட்டான். நட்சத்திரத்தைக்கூடத் தள்ளிவிட்டுத்தானே படுத்தான்?

ஏன் எழுதமாட்டான் என்பதற்கும் இ-மாடலில் ஓர் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வருகிற அந்தச் சூத்திரத்தில் கடைசியாக ஒரே ஒரு கூட்டல் உண்டு. ஏ என்ற எழுத்து. அனுகூலக் காரணி என்று சொல்லலாம். வேறு வழியில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்போது மனிதன் குறையைப் பொறுத்துக்கொள்வான் என்பதற்காக வைத்தது. கம்பி வழித் தொலைபேசிக்கு 0. கட்டடத்துக்குள் செல்போனுக்கு 5 வரை. வண்டியில் போய்க்கொண்டே பேசினால் 10 வரை. எட்டாத இடத்துக்குப் பல செயற்கைக்கோள் தாண்டிப் பேசினால் 20 வரை. 50இல் நிற்கிற மோசமான அழைப்பில் இந்த 20ஐக் கூட்டினால் 70. அதாவது 2.6, 3.6 ஆகிவிடும். ஒரு முழு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணைப் போட்டது நெட்வொர்க் இல்லை, கேட்கிறவரின் மனசு.

"நல்லா கேக்குது சாமி" என்று அம்மா சொன்னதும் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஏ கொஞ்சம் பெரியது. எந்தப் பரிந்துரையிலும் அதற்கு உச்சவரம்பு எழுதவில்லை.

மறுநாள் ராத்திரி மகன் மறுபடி கூப்பிடுகிறான். இந்தத் தடவை அறையை விட்டு வெளியே வந்து, மாடிப்படியில் வைஃபையை அணைத்துவிட்டு, சொந்தக் காசு டேட்டாவில்.

"அம்மா, நேத்து சரியா விழல. நேராச் சொல்லு. நான் வரணுமா, வேணாமா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பேச்சில்லாத நேரத்தில் முழுப் பாக்கெட்டுகளை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. இணைப்பு அறுந்துவிட்டது என்று பயப்படக் கூடாதே என்பதற்காகக் கேட்கிற பக்கத்துக் கருவி தானாகவே மெல்லிய இரைச்சல் ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கும். நாலைந்து விநாடி அந்த இரைச்சல் மட்டும். அனுப்பியதே கொஞ்சம், அதில் தொலைந்தது எதுவுமில்லை. கணக்குப்படி அழைப்பிலேயே மிகச் சிறந்த பகுதி அதுதான்.

"உனக்கு அங்க லீவு தருவாங்களாப்பா?" என்றார் அம்மா.

"தருவாங்கம்மா."

"கேக்குதா தம்பி?"

"கேக்குதும்மா. நல்லா கேக்குது."